டின்னின் அடியில் ராத்தா கீறிய நிறை

எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குள் மாரி மழைத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்தது நீங்கள்தான், முதலாளி. போன வாரம் நான் பால்மா டின்னோடு உங்கள் கடைக்குப் பருப்பு வாங்க வந்தபோது, "வெளிச் சாமான் உள்ளுக்கு எடுக்கேலா, பெக்கட்டுலதான் பருப்பு" என்று உங்கள் ஆள் வாசலிலேயே மறித்தார். அந்த டின்னைக் கவிழ்த்திருந்தால் அடியில் ஆணியால் கீறிய ஓர் எண் தெரிந்திருக்கும். அது என் கூடப் பிறந்த மூத்தவள், மவுத்தாகிப் போய்விட்ட ராத்தா கீறியது.

கல்முனையில் பெண் பிள்ளைக்குத்தானே வீடு. வாப்பா ராத்தாவுக்கும் எனக்கும் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்தில் கட்டித் தந்தார். ஒரு மாரியில் இரண்டு வீட்டுக்குள்ளும் வடிகான் தண்ணீர் ஏறியது. எனக்குக் கைக்குழந்தை. கட்டிலின் மேல் கதிரையை வைத்து, அதில் பிள்ளையோடு குந்தியிருந்தேன். ராத்தா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வடிகானுக்குள் இறங்கினார். அள்ளி வெளியே போட்டதெல்லாம் பொலித்தீன் சொப்பிங் பை. "இதெல்லாம் ஆர்ர? நம்மட குசினி அடுப்படியால வந்ததுதான் புள்ள" என்றார். அந்த நாற்றம் கையை விட்டுப் போகுமுன்னமே, இனிப் பை வேண்டாம், கடைக்கு இதுதான் என்று வெறும் பால்மா டின்களைக் கழுவிக் காயவைத்துவிட்டார்.

அப்போது கடையில் இருந்தவர் உங்கள் வாப்பா. அண்ணன் முறை வைத்து நாங்கள் காக்கா என்போம். டின்கள் முட்டும் சத்தம் கேட்டதுமே தொடங்குவார்: "என்னகா, கலியாண ஊட்டுச் சமையலா? சட்டி பானையெல்லாம் வருது!" முதல் நாள் டின்னோடு சேர்த்தே பருப்பை நிறுத்தார். ராத்தா விடுவாரா? "டின்னையும் அவிச்சா காக்கா நாங்க தின்னுற?" சனம் சிரித்தது. காக்காவுக்குக் கோபம். "ஒவ்வொருத்தர்ர டின்னையும் வெறுமையா நிறுத்துக்கிட்டு நிக்கேலாகா. பின்னால நிக்கிற ஆக்களப் பாருங்க."

அவர் சொன்னது நியாயம் என்று வரும் வழியில் ராத்தாவே ஒத்துக்கொண்டார். மறுநாள் கூட்டம் சேருமுன் போய், ஒவ்வொரு டின்னையும் காக்காவின் தராசில் வெறுமையாக நிறுத்து, நிறையை அடியில் ஆணியால் கீறினார். அதன் பிறகு காக்கா டின்னைக் கவிழ்ப்பார், எண்ணைப் பார்ப்பார், கழிப்பார், அவ்வளவுதான். வேறு டின்னில் யாராவது எதையாவது கீறிக்கொண்டு வந்தால், "ராத்தாட எழுத்து இல்ல, வைங்க தராசுல" என்பார். ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் டின்னைத் தூக்கிக்கொண்டு ராத்தாவிடம் வந்தார்கள். மீனுக்கு மூடி வாளி, சீனிக்கும் பருப்புக்கும் டின் என்று பழகிப்போனது. அடுத்த மாரியில் தண்ணீர் வடிகானோடு கடலுக்குப் போனது. என் பிள்ளை ஈரமில்லாத நிலத்தில் தத்தித் தத்தி நடந்தாள். அதற்கு ராத்தாவுக்கு நான் நன்றி சொன்னதில்லை. கூடப் பிறந்தவளுக்கு யார் நன்றி சொல்வது? இப்போது சொல்கிறேன். காக்காவுக்கும் சேர்த்து.

கடை உங்கள் கைக்கு வந்ததும் நீங்கள் அதை உடைத்துக் கட்டிக் கண்ணாடி போட்டீர்கள். பருப்பு, சீனி, மிளகாய்த்தூள் எல்லாம் பொலித்தீனுக்குள். பொலித்தீனை வடிகானில் போடுகிறவர்கள் நாங்கள்தான், மறுக்கவில்லை. பொலித்தீன் இல்லாமல் வாங்க வந்தவளை மறித்தது யார்? இந்த மாரியில் ராத்தாவின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அங்கே இருப்பது அவர் மகள், நிறைமாதம். கட்டில் மேல் கதிரையை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் வெளியே வரும்போது உங்கள் கடை வாசலில் நிற்பேன். டின் கையில் இருக்கும். உங்கள் வாப்பா கவிழ்த்துப் பார்த்து நிறுத்துத் தந்ததை நீங்கள் ஏன் தரமாட்டீர்கள்? உங்கள் ஆளை அனுப்ப வேண்டாம். நீங்களே வெளியே வந்து, ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்.