அக்கா போடாத சப்பாத்து

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் பையன். அவனுக்கு யேசு பிறந்த நத்தார் நாளுக்குப் பரிசு எடுப்பது லேசு. சின்னதில் பந்து, பிறகு மட்டை, மீசை அரும்பிய பிறகு காதில் மாட்டுகிற ஹெட்செட். அவனுக்குப் பிறகு இரண்டு பெண்கள், இரண்டு வயது இடைவெளியில். அவர்கள் விஷயத்தில் நான் பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். பெரியவளுக்கு ஒன்றை எடுக்கும்போதே, இன்னும் இரண்டு வருடத்தில் சின்னவளுக்கு இது சரிவருமா என்று பார்த்துத்தான் எடுப்பேன். உடுப்பு, புத்தகப்பை, சைக்கிள் எல்லாம் அப்படித்தான் அவளிடமிருந்து இவளுக்கு வந்தன. சின்னவளுக்கென்று ஒரு கலர்ப் பெட்டி வாங்கினால் போதும், குதிப்பாள்.

பெரியவளுக்கு இது பிடிக்காது. எட்டு வயதில் ஒரு நத்தாருக்குக் கறுப்புச் சப்பாத்துச் சோடி ஒன்றைக் கடையில் காட்டிக் கேட்டாள். பக்கத்தில் வெள்ளிப்பூ வைத்தது.

"தங்கச்சி கறுப்புப் போடமாட்டாள். ரோஸ எடு" என்றேன்.

"எனக்குத்தானேம்மா பரிசு?"

"வாய் காட்டாத. உனக்குத்தான். போட்டுட்டு மறுகா அவளுக்குக் குடு."

ரோஸைத்தான் எடுத்தேன். அவளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நத்தார்ப் பூசைக்கு வந்தாள்.

அடுத்த மாரி மழையில் எங்கள் கல்லடியில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். பெரியவளுக்கும் வந்தது, டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள். ஐந்தாம் நாள் போய்விட்டாள். ஒன்பது வயது. அவளுக்கென்றே பார்த்து, அவள் ஆசைப்பட்ட ஒரு சாமானை நான் வாங்கிக் கொடுத்ததில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கும்.

அவளுடைய சாமான்கள் முன்னைப்போலவே சின்னவளுக்கு வந்தன. மறுக்காமல் போட்டாள். அக்கா மணக்குது என்று சட்டையை முகர்ந்துகொண்டு திரிந்தாள். "செத்த பிள்ளைட உடுப்பையா கா போட விடுறீங்க?" என்று அயலில் ஒருத்தி கேட்டாள். அன்றைக்கு நான் கொடுத்த பேச்சில் அவள் ஒரு மாதம் எங்கள் ஒழுங்கைப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஆனால் பிள்ளை வளர்கிறாளே. ஒன்பது முடிந்து பத்தாகப் போகும்போது அக்காவிடமிருந்து வர ஒன்றும் மிச்சமில்லை. புதிதாக எதை வாங்கினாலும் போடமாட்டேன் என்று நின்றாள். பிறந்தநாளுக்கு எடுத்த சட்டை பையோடு அலுமாரியில் கிடந்தது. போட்டுத் திரிந்த அக்காவின் சட்டை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அந்த ரோஸ் சப்பாத்துக்குள் காலைத் திணித்து, குதிகாலில் கொப்புளம். கெஞ்சியும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். இப்படியே விட்டால் இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

போன நத்தாருக்கு அவளை இழுத்துக்கொண்டு காத்தான்குடியில் ஒரு சப்பாத்துக் கடைக்குப் போனேன்.

"பிள்ளைக்கு என்ன வயசு தங்கச்சி?" என்று கேட்டார் கடைக்கார நானா.

"எட்டு... இல்ல நானா, பத்தாகப் போகுது."

நாலு சோடி கொண்டுவந்து முன்னால் வைத்தார். எந்த நிறம் வேண்டுமானாலும் எடு, அம்மா ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வேணாம்."

"காலப் பாத்தியா? புண்ணாக் கிடக்கு. போடு."

"வேணாம்மா."

"ஆக்களுக்கு முன்னால மானத்த வாங்காத புள்ள!"

கை நீண்டுவிட்டது. முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது அக்கா போடல்லத்தானே. அக்கா போடாதத நான் எப்பிடிப் போடுற? இதப் போட்டா நான் அக்காவ விடப் பெரிசாகிருவன்."

அங்கே கிடந்த வாங்குப் பலகையில் அப்படியே இருந்துவிட்டேன். பெரியவளைப் பெட்டிக்குள் வைத்த அன்றைக்குக்கூட நான் அப்படி வாய்விட்டு அழவில்லை. நானா காற்றாடியை என் பக்கம் திருப்பிவிட்டு, வெளியே போய் வாசலில் நின்றார்.

சின்னவள் பயந்துபோனாள். கிட்ட வந்து, தன் சட்டை நுனியால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதீங்கம்மா. இஞ்ச பாருங்க, போடுறன்."

கீழே குந்தி, கைக்கு எட்டிய சோடியை எடுத்தாள். என்ன நிறம் என்றுகூடப் பார்க்கவில்லை. குதிகால் நொந்திருக்கவேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு காலிலும் போட்டாள். எழும்பி வாசல் வரைக்கும் நடந்து, திரும்பி வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"அளவாத்தான் இரிக்கும்மா" என்றாள்.

பிடித்திருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.