விருத்தாம்பாள் பூட்டிய நல்லேர்

தாலியறுத்த விருத்தாம்பாளுக்கு, பிரான்சுக்காரர்கள் ஆண்ட சோரியாங்குப்பத்தில் மிஞ்சியது வேர்க்கடலை விளையும் ஒரு மல்லாட்டைக் கொல்லைதான். பிரான்சு தேசத்து விமானக் கம்பெனியின் ஏரோப்ளேன் இறங்க வேண்டுமென்று அதையும் சர்க்கார் பிடுங்கிக்கொண்டது. மூன்று வருசத்தில் அது இறங்கியது இரண்டே தடவை. மற்ற நாளில் அங்கே மேய்ந்த மாட்டையெல்லாம் பட்டியில் அடைத்தார்கள்.

சித்திரையில், வருசத்தின் முதல் உழவுக்கு நல்லேர் பூட்டும் நாள் வந்தது. அந்தக் கொல்லையில் ஏர் வைத்தால் ஜெயில் என்று தண்டோரா போட்டிருந்ததால் ஆம்பளை ஒருத்தனும் வரவில்லை. பொம்பளை ஏரைத் தொடக்கூடாது என்பார்கள். தூ என்று துப்பிவிட்டு அவளே மேழியைப் பிடித்தாள்.

அன்றைக்கென்று வந்த ஏரோப்ளேன், உழுத மண்ணைப் பார்த்து நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது.

சர்க்கார் குமாஸ்தா ஓடிவந்து கத்தினான். "இன்னா காரியம் பண்ணிட்ட! அது நம்ம தேசத்துக் கொடி போட்டதாச்சே!"

விருத்தாம்பாள் மாட்டை அடுத்த சாலுக்குத் திருப்பினாள். "அம்மாம் பெரிய ஆகாசத்த வெச்சிக்கினு, கால் வெக்க அறுத்தவ கொல்லதான் கெடச்சுதா ஒங்க கொடிக்கு?"