மிச்சம் வைத்த மாத்திரை

தையல்காரம்மாவுக்கு அந்த லாரி டிரைவரைக் கண்டாலே வயிறு எரியும். அவன் ஒன்றும் இவள் சொத்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி அறையில், மருந்தாளுநர் மேடம் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார். அதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை.

நியாயம் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்! புருஷன் போன பிறகு, இந்த நோயோடு, தம்பி வீட்டு மாடியறையில் தனியாக மிஷின் மிதித்துப் பிழைக்கிறவள். தம்பி பெண்டாட்டி இவளுக்கென்று தனித் தட்டே ஒதுக்கியிருக்கிறாள். ஆனாலும் ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை. மாதாமாதம் காலி டப்பாவை நீட்டுவாள். மேடம் திறந்து பார்த்து, "கரெக்டா இருக்குக்கா, போயிட்டு வாங்க" என்று புது டப்பாவைக் கொடுத்து அனுப்பிவிடுவார். டிரைவரோ பாதி மாத்திரையைத் திருப்பிக் கொண்டுவருவான். அந்த மகராசனுக்கு நாற்காலி, டீ, "ஏண்ணே சாப்பிடலை? வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று ஆற அமர விசாரிப்பு. ஒழுங்காக இருக்கிறவளை யார் விசாரிக்கிறார்கள்?

அந்த மாதம் இவளும் வேண்டுமென்றே மாத்திரையை மிச்சம் வைத்தாள்.

மேடம் டப்பாவைக் கொட்டி எண்ணினார். முகமே மாறிவிட்டது. "அக்கா, உள்ள வாங்க. உக்காருங்க." தையல்காரம்மாவுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். வரிசையில் நின்ற டிரைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

"வாந்தி வருதாக்கா? தலை சுத்துதா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த ஆளுகிட்ட மட்டும் அவ்வளவு நேரம் பேசுறீங்க. என்கிட்டயும் பேசுவீங்கன்னுதான்..."

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ அக்கா! இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டா அப்புறம் இந்த மருந்தே வேலை செய்யாது. தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்." குரல் இறங்கிவிட்டது.

"மொதல்ல ரத்தம் கொடுத்துட்டுப் போங்க, டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்." மேடம் டெஸ்ட் சீட்டை எழுதி நீட்டினார். "எனக்கு மாத்தல் வந்திருக்கு. அடுத்த மாசம் நான் இங்க இருக்க மாட்டேன். இங்க வர்ற யாரை நெனச்சாலும் பயமாத்தான் இருந்துச்சு, உங்களைத் தவிர. இப்ப உங்களையும் நெனச்சுப் பயப்படணுமா?"

தையல்காரம்மா சீட்டை வாங்கி மடித்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "புதுசா வர்றவங்க என்கிட்ட பேசுவாங்களா?"

"தெரியலைக்கா. பேசாட்டியும் நீங்க முழுங்கணும்."