கிளச்சும் துரையும்

துரைமார் சீமைக்குத் திரும்பும்போது நாய், பியானோ, ரோஜாத் தொட்டி என்று எதையாவது யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் பழைய துரை தம்முடைய காரைத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். யுத்தத்துக்கு முந்திய கார். ஓட்டுவதற்கு ஆள் கொடுக்கவில்லை. டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மூன்று மாதத்துக்குள் நான் லைசென்ஸ் எடுக்காவிட்டால் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று புதிதாக வந்த துரை சொல்லிவிட்டார்.

போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. அதற்கு முந்திய மழைக்காலத்தில், பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை டிஸ்பென்சரி வராந்தாவில் படுக்கவைத்துக் கொழுந்து ஏற்றும் லொறிக்காகக் காத்திருந்தேன். லொறி வந்தபோது அவள் உயிரோடு இல்லை.

எனக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர் அந்த லொறியின் டிரைவர். என் வயதுக்காரர். பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனால் அந்தக் கார் யாருடைய பொறுமையைத்தான் விட்டுவைத்தது? ஸ்டார்ட் செய்ய முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும்; அது உதறினால் மணிக்கட்டு போய்விடும். கியர் மாற்றக் கிளச்சை ஒரு தடவை மிதித்தால் போதாது. மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, மறுபடி மிதிக்க வேண்டும். ஆக்சிலேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில். எந்தப் புண்ணியவான் அப்படி வைத்தானோ! ஞாயிறுதோறும் ராகலை ரோட்டில் கியர் பல்லை நறநறவென்று கடிக்கும். பக்கத்தில் டிரைவரும் கடிப்பார்.

கிளச் ஒருவாறு பிடிபட்டது. பிடிபடாதது வேறொன்று. தோட்டத்தில் துரை எதிரே வந்தால் குடையை மடக்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும், சைக்கிளில் போனால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். பல வருஷம் அப்படி நின்று பழகிய உடம்பு என்னுடையது. ஒருநாள் ஏற்றத்தில் துரையின் ஜீப்பைக் கண்டதும், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே காரை நிறுத்தி, இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். ஹேண்ட் பிரேக் போடவில்லை. டிரைவரோடு கார் பின்னால் உருண்டு தேயிலைச் செடிகளுக்குள் போய் நின்றது. துரை திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

“ஐயா, நான் உள்ள இருக்கிறது கண்ணுக்குத் தெரியலீங்களா?” என்று செடிகளுக்கு நடுவிலிருந்து கத்தினார் டிரைவர். “ஸ்டியரிங்கப் பிடிச்சுட்டா தொரையாவது மண்ணாவது! ரோட்டப் பாருங்க!”

அடுத்த வாரமும் இறங்கினேன். அதற்கடுத்த வாரமும் இறங்கினேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினேன், அது ஒன்றுதான் முன்னேற்றம். நுவரெலியாவில் பரீட்சையன்று நல்லவேளையாகத் துரைமார் யாரும் எதிரே வரவில்லை. பாஸாகிவிட்டேன்.

லைசென்ஸ் கைக்கு வந்த இரண்டாம் வாரம், ஒரு மத்தியானம், கீழ் டிவிஷனில் ஒரு பெண்ணுக்கு வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். இருவரையும் பின் சீட்டில் ஏற்றி, புருஷனை என் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன். ஒடுங்கிய ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது எதிரே துரையின் ஜீப். அங்கே நிறுத்தினால் அந்தக் கார் மறுபடி ஏறாது. தெரிந்தும் என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. பின்னால் அவள் அலறினாள். காலை எடுத்தேன். ஹார்னை அழுத்தினேன், விடாமல் அழுத்தினேன். ஜீப் தயங்கியது, பிறகு பின்னால் போய் ஒதுங்கி வழிவிட்டது.

தலையில் தொப்பியோடு துரையைக் கடந்தேன். என்ன ஒரு சந்தோஷம்! பக்கத்தில் திரும்பினால் சீட்டில் ஆளைக் காணோம். அந்தப் புருஷன் ஓடுகிற காரிலிருந்து குதித்து, தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டோரமாகக் குனிந்து நின்றான். மேட்டில் சமதரை வந்த பிறகுதான் நிறுத்த முடிந்தது. மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினான்.

ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மருத்துவச்சி துணைக்குத் தங்கிவிட்டாள். திரும்பும் வழியில் நானும் அவனும் மட்டும். என் வாய் ஓயவில்லை.

“பொஞ்சாதி துடிச்சுக்கிட்டுக் கெடக்கா, நீ குதிச்சுப் போயி சலாம் போடுற! ஒனக்கு அறிவு இருக்கா? வண்டியில ஏறிட்டா தொரையாவது மண்ணாவது!”

ராகலை தாண்டியதும் அவன் சொன்னான்.

“நீங்க ஹார்ன் அடிச்சுட்டுப் போயிட்டீங்க, ஐயா. காலையில வேலைக்குப் பேரு குடுக்க பெரட்டுல அவரு முன்னாடி நான்ல நிக்கணும். வேல இல்லன்னு வெரட்டிட்டா இந்தப் புள்ளைய எங்க கொண்டுபோயி வளப்பேன்?”

நான் கியரை மாற்றினேன். கிளச்சை இரண்டாம் தடவை மிதிக்க மறந்துவிட்டேன்; கியர் பல்லைக் கடித்தது. அதற்கு மேல் அவன் குடியிருந்த லயம் வரும்வரை அந்தச் சத்தம்தான்.

மறுநாள் விடிந்ததும், யாரும் கூப்பிடாமலே, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய் அவன் பக்கத்தில் நின்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். இந்தத் தடவை தெரிந்தேதான். துரை என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அன்றைய வேலைக்கு அவன் பேரைக் கூப்பிட்டார்கள்.