முப்பத்தெட்டாவது குறை

வீட்டில் குறை சொன்னால் சண்டை, அலுவலகத்தில் சொன்னால் சம்பளம். 'குறைக்காரம்மா' என்று ஆபீசே பெயர் வைத்திருந்தவளுக்கு வாய்த்த பிழைப்பு அப்படி. இணையதளத்தின் மூலையில் எட்டிப்பார்த்து "நான் உதவலாமா?" என்று கேட்கும் சாட்பாட்கள், பார்வையில்லாதவர்களுக்கு உண்மையிலேயே உதவுகின்றனவா என்று சோதிப்பதுதான் அவள் வேலை. அவளுக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் கணினி காதில் வாசித்துவிடும் என்பதால் மானிட்டரைப் போடவே மாட்டாள். சும்மா கிடக்கிறதென்று மேனேஜர் இரண்டு முறை கணினியையே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த மகராசன்தான் இப்போது வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றார். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வெள்ளோட்டம் விட்டிருந்த சாட்பாட் மறுநாள் முறையாக வெளியாக வேண்டும். அதற்கு அவள் 'தேறியது' என்று எழுத வேண்டும். அவளுடைய ஒப்பந்தமோ வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரமாக்குவது அவர் கையில்.

"உங்க அறிக்கையில முப்பத்தேழு குறையா? கொஞ்சம் கண்டுக்காம விடுங்கம்மா."

"நான் எதை சார் கண்டேன், கண்டுக்காம விட?"

வாய்தான் துடுக்கு, உள்ளுக்குள் வேலை போய்விடுமோ என்று பயந்தாள். ஆனாலும் பொய் எழுதக் கை வரவில்லை.

"உங்களுக்குப் பல்வலிதானே? இதுலயே டாக்டர்கிட்ட நேரம் வாங்குங்க. மவுஸ் கிடையாது, மானிட்டர் கிடையாது. வாங்கிட்டா எழுதித் தர்றேன்."

"இதென்ன பிரமாதம்" என்று ஹெட்போனை மாட்டினார்.

"பட்டன். பட்டன். பட்டன்" என்றது கணினி. எது எதற்கென்று சொல்லவில்லை. ஒன்றை அழுத்தினார், அடித்ததெல்லாம் அழிந்தது. இன்னொன்றை அழுத்தினார், சாட்பாட் ஆங்கிலத்துக்குத் தாவியது. "இன்னும் இருக்கிறீர்களா?" என்று அது கேட்க, பதில் எழுதும் பெட்டியை அவர் தேடிப் பிடிப்பதற்குள் "நன்றி, வணக்கம்" சொல்லிக் கதவைச் சாத்தியது.

இருபது நிமிடம் கழித்து, கன்னத்தைப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கே போன் போட்டார். பதிவு செய்த குரல் இனிமையாகச் சொன்னது: "முன்பதிவுக்கு எங்கள் சாட்பாட்டை அணுகவும்."

அவர் போனை வைத்தார். "தேறலைன்னு எழுதுங்கம்மா" என்றார், அழாத குறையாக.

வெள்ளிக்கிழமை மாலை, வீட்டில் இருந்தபோது, ஆபீசிலிருந்து அவளுக்கு மின்னஞ்சலில் கடிதம் வந்தது. உடனே திறந்தாள். "படம்" என்றது கணினி. ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். எத்தனை முறை கேட்டாலும் "படம்"தான்.

கணவனைக் கூப்பிட்டாள். அவன் மானிட்டரைப் போட்டுப் பார்த்துக் கத்தினான்: "நிரந்தரம்னு போட்டிருக்குடி!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு கீபோர்டை இழுத்தாள்.

"இருங்க, முதல்ல இந்தக் குறையை எழுதிக்கிறேன்."