போதிய பிணைப்புகள் இல்லை

லுணுகலைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பாடசாலைக்குப் பின்னாலுள்ள ஆசிரியர் விடுதியில் தனியாக வசிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் வேறொரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், வாழ்ந்து அங்கேயே இறந்தார்கள். தம்பி கத்தாரில் இருக்கிறான். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கட்டத்தில் பேசுவதை விட்டுவிட்டார்கள். நானும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டுப் பாடசாலைகளோடு கூட்டு வைத்துக்கொள்ள விரும்பும் பாடசாலைகள் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. அதிபர் அதை என் மேசையில் வைத்தார்.

"இது உங்க வேலைதான் டீச்சர். எழுதிப் பாருங்க. கிடைச்சா பிள்ளைங்களுக்கு நல்லது."

கிடைத்தது. ஐரோப்பாவில் ஒரு கடலோரச் சிற்றூர்ப் பாடசாலையோடு எங்களைச் சேர்த்தார்கள். வாரம் ஒருமுறை, பள்ளி விட்ட பிறகு, கணினி அறையில் பிள்ளைகளை உட்காரவைத்து வீடியோவில் பேசவைப்பேன். சன்னல் பக்கம்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் மடிக்கணினி சன்னல் விளிம்பிலேயே இருக்கும். உங்கள் கடல் உறைந்துபோகுமா என்று எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். அட்டை கடித்தால் செத்துப்போவீர்களா என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள்.

பிள்ளைகள் போன பின்னும் நானும் அந்தப் பக்கத்து ஆசிரியையும் பேசிக்கொண்டிருப்போம். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அதனால் பிழை விட இருவருக்கும் கூச்சமில்லை. மற்ற நாட்களில் வகுப்பு முடிந்து விடுதிக் கதவைத் திறந்தால், மறுநாள் காலைவரை என் குரலை நானே கேட்க மாட்டேன்.

அடுத்த வருடம் ஆசிரியர் பரிமாற்றத்துக்கும் நிதி ஒதுக்கினார்கள். அவர் இங்கே வந்து மூன்று வாரம் தங்க வேண்டும், பிறகு நான் அங்கே போய் மூன்று வாரம் தங்க வேண்டும்.

அவர் முதலில் வந்தார். என்னைவிட மூத்தவர், நல்ல உயரம், என் விடுதி வாசலில் ஒவ்வொரு தடவையும் தலையை இடித்துக்கொண்டார். பழைய பரீட்சைத் தாள்கள் அடைத்துவைத்திருந்த அறையை ஒழித்து அவருக்குக் கொடுத்தேன். காலையில் வேலைக்குப் பெயர் பதியப் பெரட்டுக்குப் போகிற பெண்களின் பேச்சுச் சத்தத்துக்கே எழுந்துவிடுவார். ரொட்டியையும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலையும் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டார். பாத்திரம் கழுவும்போது ஏதோ முனகிப் பாடுவார். குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் வேறொருவர் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்பது அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. அவர் போன அன்று அந்த அறைக்குள் தாள்களைத் திருப்பி அடுக்க மனம் வரவில்லை.

அடுத்து என் முறை. விசாவுக்குக் கொழும்பு போனேன். கணவர், பிள்ளைகள், சொந்த வீடு, காணி பற்றியெல்லாம் கேட்டார்கள். விடுதி கல்வித் திணைக்களத்துடையது. நான் பிறந்த லயம் தோட்டத்துடையது. அதற்கு உறுதிப் பத்திரம் எங்கள் தலைமுறையில் எவரும் கண்டதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

மறுத்துவிட்டார்கள். நான் நாடு திரும்புவேன் என்று நம்புவதற்குப் போதிய பிணைப்புகள் எனக்கு இங்கே இல்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தது. பதுளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். லுணுகலை பஸ் ஒன்று என்னை விட்டுவிட்டே போய்விட்டது.

"என்ன காரணம் போட்டிருக்கான்?" என்று அதிபர் கேட்டார்.

"ஏதோ பேப்பர் பத்தலையாம் சேர்."

எங்கள் பக்கத்திலிருந்து எவரும் போகாவிட்டால் நிதியை நிறுத்திவிடுவார்கள். எங்கள் கணித ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். கணவருக்குப் பதுளையில் அரச வேலை, இரண்டு பிள்ளைகள், ஊரில் வீடும் காணியும் உண்டு. ஒரு பின்னேரம் அவர் என் விடுதிக்கு வந்தார்.

"அதிபர் என்னைப் போகச் சொல்லுறார். இதை உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. நீங்கள் வேண்டாமெண்டால் நான் போகமாட்டன்."

"போயிட்டு வாங்க டீச்சர். இல்லாட்டி பிள்ளைங்க பேசுறதும் நின்னு போயிரும்."

அவருக்கு ஆங்கிலம் பேசத் தயக்கம். என் முன்னறையில் தினமும் பேசிப் பழகினோம். நான் அங்கே சொல்வதற்காக எழுதி வைத்திருந்த பாடத்தையும் கொடுத்தேன். அவருக்கு விசா சீக்கிரமே கிடைத்தது.

அவர் அங்கே போன பிறகு வந்த முதல் வீடியோ அழைப்பில் எங்கள் பிள்ளைகள் சன்னலோரம் முண்டியடித்தார்கள். கம்பளித் தொப்பியோடு திரையில் தெரிந்த கணித டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்தபோது என்னோடு தங்கிப்போன என் தோழி மட்டும் திரையில் இருந்தார்.

"உன்னை ஏன் விடவில்லை? உண்மையைச் சொல்."

அவரிடம்தான் முதன்முதலாக அந்த வரியைச் சொன்னேன்.

"எனக்கும் கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. வாடகை வீடுதான்," என்றார். "உங்கள் நாட்டுக்கு வரும்போது என்னிடம் எவரும் அதைக் கேட்கவில்லை."

என் தோளைத் தொடப்போவதுபோல அவர் கை திரைப்பக்கம் வந்தது. அதற்குள் கணித ஆசிரியை கோப்பையோடு வந்துவிட்டார். பேச்சு குளிரைப் பற்றியதாக மாறியது.

அந்த நிதி பிறகு நீடிக்கவில்லை. என் தோழி ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் ஓரிரு முறை அழைத்தார், பிறகு விட்டுவிட்டார். தோழியிடமிருந்து எப்போதாவது கடலின் படம் ஒன்று போனுக்கு வரும். நான் மலையின் படத்தை அனுப்புவேன். அதற்கு மேல் எழுத இருவருக்கும் வருவதில்லை.

இந்த வருடம் வேறொரு நாட்டின் திட்டம் வந்திருக்கிறது. இதற்கும் நான்தான் விண்ணப்பம் எழுதினேன். பயணம் போகிறவர்களாகக் கணித ஆசிரியையையும், புதிதாகக் கல்யாணமான விஞ்ஞான ஆசிரியரையும் போட்டேன். அதிபர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க பேரைப் போடலையே டீச்சர்?"

"இல்லங்க சேர். அவங்க போனா, இங்கேருந்து பிள்ளைங்கள உக்காரவச்சுப் பேசவைக்க ஒரு ஆள் இருக்கணும்ல."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எட்டாம் வகுப்பில் எனக்குப் பாடம் இருந்தது. மழை பிடிப்பதற்குள் முற்றத்தைக் கடந்து போனேன்.