தூக்குவதற்கு முன் சொல்ல வேண்டும்

பரீனாவுக்குப் புலமைப்பரிசில் கிடைத்த செய்தி குறிஞ்சிப்பிட்டியில் யாரையும் பெரிதாக அசைக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில், கட்டாரில் உழைக்கும் மகன் ஒருவனை வைத்துக்கொண்டு, ஒரு பெண் ஜப்பானுக்குப் படிக்கப் போகிறாள் என்றால் அது வேலைக்குப் போவதற்கு இப்போது வந்திருக்கும் புதுப் பெயர் என்றுதான் அயலார் நினைத்தார்கள். அவள் திருத்தவில்லை. ஒவ்வொருவரையும் திருத்திக்கொண்டிருந்தால் சோறாக்க நேரம் கிடைக்காது.

உண்மையில் அது படிப்புத்தான். முதியோர் பராமரிப்பில் இரண்டு வருட டிப்ளோமா. கட்டணம், தங்குமிடம் எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். மாமனார் ஹயாத்து முகம்மதுவைப் பாரிசவாதம் அடித்து வலப்பக்கம் இயங்காமல் போனபோது, அவரைப் பார்க்கத் தெரிய வேண்டும் என்று பரீனா புத்தளத்தில் ஒரு பராமரிப்புப் பயிற்சிக்குப் போனாள். அங்கே படிப்பித்த றோசமேரி மிஸ்தான் விண்ணப்பிக்கச் சொன்னவர்.

"எனக்கு வயசு கூடிப்போச்சே மிஸ்."

"அவங்க வயசு கேக்கல்ல. முதுகு நோவுதா எண்டுதான் கேட்டிருக்காங்க. நோவுதா?"

"இல்ல மிஸ்."

"அப்ப என்ன?"

புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது. கொழும்பில் ஒரு மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. அதற்குப் பிறகு, வருகிறேன் என்று கல்லூரிக்கு உறுதியாகப் பதில் அனுப்ப வேண்டும். அதற்குள் தீர வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மாமனாரை யார் பார்ப்பது?

கணவன் ரஸாக் வெங்காய மண்டியில் நாட்டாமி வேலை செய்கிறவன். நாள் முழுக்க லொறியில் மூட்டை ஏற்றுகிறவன். மாமனாரோ வெங்காய மூட்டையைவிடப் பாரம் குறைந்தவர். ஆகவே ரஸாக் பார்த்துக்கொள்வான் என்று எல்லாரும் நினைத்தார்கள், ரஸாக் உட்பட.

அவனுக்கு மூத்தவள், ராத்தா அக்கீலா மட்டும் தில்லையடியிலிருந்து ஓட்டோ பிடித்து வந்தாள். வாப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைதான் என்றும், ஆனால் தன் வீடு மாடி வீடு என்றும் சொன்னாள். தேத்தண்ணி குடித்துவிட்டு மாடிப்படியைப் பற்றி இன்னொரு முறை சொன்னாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"நீ படி புள்ள, நான் வேணாம் எண்டு சொல்லல்ல. ஆனா இவன்ட கையில வாப்பா ஒருக்கா விழுந்தாலும் நீ போகேலா. சொல்லிட்டன்."

"சரி மதினி" என்றாள் பரீனா. நியாயமான நிபந்தனையாகத்தான் அவளுக்குப் பட்டது. அவள் பரீட்சை வைத்தாலும் அதைத்தான் வைப்பாள்.

அன்றே பயிற்சி தொடங்கியது. கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்ற வேண்டும். ரஸாக் சாரனை மடித்துக் கட்டினான், குனிந்தான், இரண்டு கையையும் அடியில் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கினான். மாமனார் நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கட்டிலும் சேர்ந்து வந்தது.

"வைங்க, வைங்க" என்றாள் பரீனா. "என்ன செய்யப் போறீங்க எண்டு முதல்ல ஆளுக்குச் சொல்லணும். சொன்னாத்தான் அவர் பிடிய விடுவார், உடம்பத் தருவார். சொல்லாமத் தொட்டா யாரா இருந்தாலும் இறுகித்தான் போவாங்க."

"வெங்காய மூட்டைக்கிட்டச் சொல்லிட்டா தூக்கிற?"

"வெங்காயம் கட்டிலப் பிடிக்குமா?"

ரஸாக் யோசித்தான். பிறகு பரீனாவைப் பார்த்து, "சரி, வாப்பாட்டச் சொல்லு. தூக்கப் போறேனாம் எண்டு" என்றான்.

அப்போதுதான் பரீனாவுக்கு விளங்கியது, தடங்கல் தூக்குவதில் இல்லை என்று.

அந்த வீட்டில் வாப்பாவும் மகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. பகை எதுவும் கிடையாது. மகன் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகு மரியாதைக்காகக் குறைந்த பேச்சு, அப்படியே நின்றுபோயிற்று. சொல்ல வேண்டியதை மாமி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோனார். மாமி மௌத்தான பிறகு அந்த வேலை பரீனாவுக்கு வந்தது. ஒரே அறையில் இருந்துகொண்டே, "வாப்பாட்டக் கேளு", "அவன்ட்டச் சொல்லு" என்பார்கள். அவளும் சொல்வாள். இதுவரை அது யாருக்கும் கரைச்சலாக இருக்கவில்லை.

"நான் ஜப்பான்ல இருந்து சொல்லவா?" என்று கேட்டாள்.

ரஸாக் அதை நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டான். "வாட்ஸ்அப்ல எடுத்தா ஏலும்தானே. ஸ்பீக்கரப் போட்டு வைக்கிறேன்."

"நடு ராவையில கொமட்டுக்குப் போகணும் எண்டா?"

ரஸாக் மடித்துக் கட்டிய சாரனை அவிழ்த்துவிட்டான்.

பிறகு வந்த நாட்களில் அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். ரஸாக் வாயைத் திறப்பான், மூடுவான், தொண்டையைச் செருமுவான். செருமலைக் கேட்டதும் மாமனார் கட்டிலை இறுக்கிப் பிடிப்பார். இதற்கிடையில் அவள் ஜப்பான் பாஷையும் பாடமாக்க வேண்டியிருந்தது. 'இப்போது உங்களைத் தூக்கப் போகிறேன்' என்பதை ஜப்பான் பாஷையில் மாமனாரிடமே சொல்லிப் பழகினாள். அவர் அதைக் கேட்டதும் நல்ல கையை எடுத்து அவள் தோளில் போடக் கற்றுக்கொண்டார்.

"பாத்தியா" என்றான் ரஸாக், மனம் நொந்து. "ஜப்பான் பாஷை விளங்குது. நான் சொல்றதுதான் வாப்பாக்கு விளங்குதில்ல."

"நீங்க எப்ப சொன்னீங்க?"

பரிசோதனை நாள் வந்தது. றஹ்மாவை அன்றைக்கு வந்து இருக்கச் சொல்லவா என்று ரஸாக் கேட்டான். றஹ்மா பக்கத்து வீட்டுக்காரி, நல்ல மனசு, யாருக்கும் தூது போவாள். அதனால்தான் பரீனா வேண்டாம் என்றாள். சுபஹு தொழுதுவிட்டு, கஞ்சியை மூடி வைத்து, "ரெண்டு பேரும் இருங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முதல் பஸ் ஏறினாள்.

கொழும்பில் எல்லாம் பார்த்தார்கள். முதுகு மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்கு வீடு திரும்பியபோது மாமனார் கதிரையில் இருந்தார். குளித்திருந்தார், சாரன் மாற்றியிருந்தது, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கஞ்சிப் பானை காலியாக இருந்தது. ரஸாக் சுவரோடு நின்றான்.

"விழுந்தாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

இருபத்திரண்டு வருடமாக அவள் அந்த வீட்டு மருமகளாக இருக்கிறாள். இவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் இப்படி ஒத்துப்போய் அவள் கண்டதில்லை. கைப்பையை வைத்துவிட்டு மாமனாரின் சாரனை முழங்கால்வரை உயர்த்தினாள். இடது முழங்கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. இடுப்பை அழுத்திப் பார்த்தாள், தோளைச் சுழற்றிப் பார்த்தாள், காலை மடக்கி நீட்டினாள். எலும்பில் ஒன்றும் இல்லை.

"சரி, விழல்ல" என்றாள். "விழாத ஆள எப்படி எழுப்பினீங்க?"

ரஸாக் வாப்பாவைப் பார்த்தான். வாப்பா கூரையைப் பார்த்தார்.

"முதல்ல கதிரையக் கிட்ட இழுத்துப் போட்டன். நல்ல கைய அதில ஊண்டுங்க எண்டன். அவர் 'மாடு' எண்டார்."

"மாடு" என்றார் மாமனார், தெளிவாக.

"கட்டில விடாமப் பிடிச்சது நீங்கதானே எண்டன். 'மாட்டுக்கு வாய் இல்லயா, சொல்லிட்டுத் தூக்கேலாதா' எண்டு கேட்டார். இப்ப சொல்றேன் எண்டு சொன்னன். நல்ல முழங்கால மடக்குங்க, நான் இடுப்பப் பிடிக்கிறேன், மூணு எண்ணிட்டுத் தூக்குவேன் எண்டு. எண்ணினன். எழும்பிட்டார்."

"பொறகு?"

"பொறகு குளிப்பாட்டக்குள்ளயும் திட்டினார். நானும் திட்டினன். சவுக்காரம் கண்ணில போயிட்டாம்."

அதற்குள் அக்கீலாவின் அழைப்பு வந்தது. "பாஸா? சரி, சரி. வாப்பா எப்படி? இவன் போட்டுடல்லத்தானே?"

பரீனா பொய் சொல்லுகிற ஆள் அல்ல. உண்மையைச் சொன்னால் படிப்பு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். "வாப்பாட்டயே கேளுங்க மதினி" என்று ஸ்பீக்கரைப் போட்டு மாமனாரின் முன்னால் பிடித்தாள்.

ஹயாத்து முகம்மது வாயை ஒழுங்காக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தார். பிறகு, "விழல்ல" என்றார். யாரும் இன்னும் எதுவும் கேட்காதபோதே, "போகட்டும்" என்றார்.

அக்கீலா, "அப்ப சரி" என்றாள்.

பரீனா சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து, வருகிறேன் என்று கல்லூரிக்குப் பதில் அனுப்பினாள். பிறகு, மீனுக்கு வாங்கிய ஐஸில் மிச்சம் இருந்ததைத் துணியில் சுற்றி ரஸாக்கிடம் நீட்டினாள். முழங்காலில் எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்று சொன்னாள். சட்டைப் பொத்தானையும் சரியாகப் போடச் சொன்னாள்.

வீக்கம் அந்தக் கிழமைக்குள் வற்றிவிட்டது. விசா வந்ததும் அவள் புறப்பட்டாள்.